பொறுங்கோ என்று சொன்னவர்களுக்கு

வன்னியின் வைத்தியசாலைகளையும் சுகாதாரப் பணிமனைகளையும் நடத்தும் அதிகாரிகளுக்கும், இந்த மண்ணிலிருந்து நாடாளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்களுக்கும், எங்கள் சட்டத்தரணிகளுக்கும்,

கடந்த மே மாதம் எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. என் பிரசவத்தில் நடந்தது பற்றி நாங்கள் கொடுத்த முறைப்பாட்டின் விசாரணை முடிந்துவிட்டதாம், சேவையில் குறைபாடு எதுவும் காணப்படவில்லையாம். கீழே கையெழுத்து, முத்திரை. யார் விசாரித்தார்கள், யாரைக் கேட்டார்கள், எந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டிலில் படுத்திருந்தவள் நான். பக்கத்தில் நின்ற என் அம்மாவையும் கேட்கவில்லை.

விசாரணை அறிக்கையைத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். அது உள்ளக ஆவணம், தர முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலோடு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வைத்தியசாலையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கோப்பு உங்களிடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதினால் இது அந்த ஒரு விடுதியின் கதை என்று மற்றவர்கள் ஆறுதல்பட்டுவிடுவார்கள். அதுவும் ஒரு காரணம்.

2023 மார்ச் மாதம். எனக்கு 39ஆவது கிழமை. முதல் பிள்ளை. கிளினிக் கொப்பியில் எல்லாம் சரியாகவே இருந்தது. பிரஷர் சரி, சீனி சரி, கடைசி ஸ்கானில் பிள்ளை தலை கீழே திரும்பி வடிவாக இருந்தான். விடிய 4 மணிக்கு நோ தொடங்கியது. என் கணவர் ஓட்டோ பிடித்துக் கூட்டிப் போனார்.

பிரசவ அறைச் சுவரில் ஒரு வட்ட மணிக்கூடு இருந்தது. என் கட்டிலுக்கு நேர் எதிரே. அதனால்தான் நேரங்களை இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன். நோ வரும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பின்னேரம் 1.10க்கு ஒரு தாதி மிஸ் வந்து வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார். "நல்லா இருக்கு" என்றார். 2 மணிக்குக் கிட்டத் தண்ணீர்க்குடம் உடைந்தது. தண்ணீர் தெளிவாக இல்லை. பச்சை. மாரி முடிந்த குளத்தில் ஓரமாகப் பாசி கரைந்து நிற்குமே, அந்த நிறம். விரிப்பில் பரவியதை அம்மாதான் முதலில் கண்டார்.

"மிஸ், தண்ணி பச்சையா இருக்கு."

"பொறுங்கோ அம்மா, வாறன்."

அவர் வரவில்லை. அன்று அந்த அறையில் ஏழு பேர் நோவோடு கிடந்தோம், பார்க்க இரண்டு மிஸ்மார். மகப்பேற்று வைத்திய நிபுணர் விடுமுறையில் இருந்தார், அவருக்குப் பதிலாக ஒருவரும் வந்திருக்கவில்லை. அம்மா இன்னும் இரண்டு முறை போய்ச் சொன்னார். இரண்டு முறையும் பொறுங்கோ. மூன்றாம் முறை, "முதல் பிள்ளை எண்டா இப்படித்தான், சும்மா பயப்பிடாதேங்கோ" என்று ஒரு புத்திமதியும் கிடைத்தது. அடுத்த தடவை என் வயிற்றில் கருவி வைக்கப்பட்டபோது மணிக்கூட்டில் 3.40. மிஸ் கருவியை ஒரு இடத்தில் வைத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார், திரும்பவும் முதல் இடத்தில் வைத்தார். அவருடைய முகம் வெளிறியதைப் பார்த்தேன். பிறகு ஓடினார்.

4.25க்கு, தலையில் உறிஞ்சிப் பிடிக்கும் வாக்கும் கப் போட்டு இழுத்து எடுத்தார்கள். என் மகன் பிறந்தான். தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுகிறோம். அழவில்லை.

பிள்ளை பிறந்த கையோடு அழும் சத்தத்துக்காகத் தாய் காத்துக்கிடக்கும் நேரம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் காதில் விழுந்தது காற்று அடிக்கும் பையின் சத்தம் மட்டும்தான். புஸ், புஸ் என்று. இப்போதும் யாராவது சைக்கிளுக்குக் காற்றடித்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அம்புலன்ஸுக்குச் சாரதி தேடி, கூடப் போக ஒரு மிஸ் தேடி, இரவு 8.40க்குத்தான் வாகனம் புறப்பட்டது. 10.50க்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த டொக்டர் நேரத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் ஏன் அப்படி நின்றார் என்று எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது. பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் போதாமல் போன பிள்ளைக்கு, உடம்பை 33, 34 பாகை அளவில் 72 மணித்தியாலம் குளிர வைத்திருக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். என் பிள்ளைக்கு அந்த 6 மணித்தியாலம் முடிந்தது இரவு 10.25க்கு. 25 நிமிடம் பிந்திவிட்டோம். வாகனம் புறப்படவே நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த இடத்தில் 25 நிமிடம்!

அன்றிரவே வலிப்பு வந்தது. இருபது நாள் கழித்துத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். துண்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை என் மச்சாள் போனில் வாசித்து விளங்கப்படுத்தினாள். பிறப்பின்போது மூச்சுத்திணறல், அதனால் மூளைப் பாதிப்பு. பிறகு ஒரு வயதாகும்போது இன்னொரு பெயர் சேர்ந்தது, பெருமூளை வாதம்.

இப்போது தம்பிக்கு இரண்டரை வயது. கழுத்து இன்னும் முழுதாக நிற்கவில்லை. என் கணவர் தச்சு வேலை செய்பவர். முதுகையும் தலையையும் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு மூலைக் கதிரை செய்து கொடுத்திருக்கிறார். வளர வளரப் பெருப்பிக்கலாம் என்று அடியில் பலகையை ஆணி அடிக்காமல் திருகாணி போட்டு வைத்திருக்கிறார். அதில் இருத்தி, சோற்றையும் பருப்பையும் துணியில் வடிக்கிற பதத்துக்கு மசித்து, ஒரு கையால் நாடியைத் தாங்கி, மற்றக் கையால் கரண்டி நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கின் நடுவில் வைக்க வேண்டும். விழுங்கும்வரை பார்த்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிச் சளியாகி வைத்தியசாலைதான். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டேன். கிழமைக்கு ஒரு நாள் இரண்டு பஸ் மாறி உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகிறோம். அன்றைக்கு அவருக்குக் கூலியும் இல்லை.

நான் அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் இரண்டு வரிக் கடிதத்தில் இல்லாததைத்தான் எழுதுகிறேன்.

சரி, இப்போது நியாயமாகவும் கதைப்போம். பெருமூளை வாதம் உள்ள எல்லாப் பிள்ளையும் பிரசவ அறையில் பிழை நடந்து பாதிக்கப்பட்ட பிள்ளை அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் கருவிலேயே நடந்திருக்கும், அல்லது மாதம் முந்திப் பிறந்ததால் வந்திருக்கும், கிருமித் தொற்றாலும் இருக்கும். அதை நான் தேடி வாசித்து அறிந்துகொண்டேன். என் பிள்ளைக்கும் வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று யாராவது பதிவுகளைக் காட்டி விளங்கப்படுத்தினால் கேட்பதற்கு நான் தயார். ஆனால் நோ எடுக்கும் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் துடிப்பைக் கேட்க வேண்டும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிமிடத்துக்கு 110இலிருந்து 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு அது. 1.10இலிருந்து 3.40 வரை இரண்டரை மணித்தியாலம். அதிலும் பச்சைத் தண்ணீர் கண்ட பிறகு. பிள்ளை உள்ளுக்குள் கஷ்டப்படுவதன் அடையாளமாக இருக்கக்கூடியது அது. அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு என்னுடைய பதிவில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றும் எழுதாமல் வெறுமையாக இருக்கிறதா, அல்லது ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான். "குறைபாடு இல்லை" என்று எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும்.

விளக்கம் சொல்லாமல் விட்டால் அந்த இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஊர் அதை நிரப்பிவிடும். நான் ஒழுங்காக முக்கவில்லையாம். கிரகணத்தில் வெளியே போனேனாம். மாமியார் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார், அவருடைய நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரவில் தம்பி வலிப்பில் விறைக்கும்போது, "நான் என்ன பிழை செய்தேன்" என்று இன்றைக்கும் என் மனம் முதலில் என்னைத்தான் கேட்கிறது. அறிக்கை உங்கள் அலுமாரியில் இருக்கிறது.

உடற்பயிற்சிச் சிகிச்சை நடக்கும் இடத்தில் ஒரு நீள வாங்கு இருக்கிறது. அதில்தான் மற்ற அம்மாமாரைச் சந்தித்தேன். ஒருவரின் மகளுக்கு வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கும், உள்ளங்கை பின்னுக்குத் திரும்பியிருக்கும். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கி, இழுத்தபோது கழுத்தடி நரம்புகள் பாதிக்கப்பட்டதாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானாகச் சரிவரும். ஆனால் மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்க வராவிட்டால் நரம்பு நிபுணரிடம் காட்ட வேண்டும், சத்திரசிகிச்சை செய்வதென்றால் முதல் வருடத்துக்குள்தான் அதற்குப் பலன் அதிகம். அந்தத் தாய்க்கு இதை யாரும் சொல்லவில்லை. "எண்ணெய் போட்டுத் தடவுங்கோ, பொறுங்கோ, சரிவரும்" என்றார்களாம். பிள்ளைக்கு இப்போது நாலு வயது. சட்டைக் கையை அம்மா பிடித்து விட, இடது கையால் வலது கையைத் தூக்கி அதற்குள் வைக்கிறாள். அவ்வளவு பக்குவமாகச் செய்கிறாள். அந்த வாங்கில் இருக்கும் யாரும் எங்கேயும் முறைப்பாடு கொடுக்கவில்லை. "நாளைக்கும் அங்கதானே போகோணும்" என்பதுதான் எல்லோருடைய பதிலும். வன்னியில் ஒரு வைத்தியசாலையோடு பகைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக எங்களிடம் அடுத்தது இல்லை.

இனி, உங்கள் "பொறுங்கோ" எங்களுக்கு இரண்டாம் முறை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

தம்பி பிறந்து ஐந்தாவது கிழமை நாங்கள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். திகதி முத்திரை குத்திய பிரதி என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு தடவை போய்க் கேட்டோம். விசாரணை நடக்கிறது, முடியும்வரை பொறுங்கோ என்றார்கள். அதிகாரிகள் சொல்கிறார்கள், பொறுப்போம் என்று பொறுத்தோம். கடிதம் வந்தபோது தம்பி பிறந்து இரண்டு வருடமும் இரண்டு மாதமும். ஜூன் மாதம் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் திகதிகளைக் குறித்துக்கொண்டு, பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, ஏன் முந்தி வரேல்லை?"

"விசாரணை முடியட்டும் எண்டவை, சேர்."

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இலங்கையில் மருத்துவக் கவனயீனத்துக்கு நட்டஈடு கொடுப்பதற்கென்று தனிச்சட்டம் இல்லை. ரோமன் டச்சுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். அரசாங்க வைத்தியசாலை என்றால் 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்கிடலாம், அதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச்சட்டப்படி இப்படியான வழக்குக்குக் காலம் இரண்டு வருடம்.

இரண்டு வருடம். உங்கள் "பொறுங்கோ" முடிந்தபோது இரண்டு வருடமும் இரண்டு மாதமும்.

தாய் தகப்பன் என்ற முறையில் எங்களுக்கு ஏற்பட்ட செலவுக்கும் நட்டத்துக்கும் கேட்கும் உரிமை அதோடு போயிற்று. பிள்ளையின் சொந்த உரிமை மட்டும் மிச்சம். சிறுபராயத்தில் இருப்பவருக்கு எதிராக அந்தக் காலம் ஓடாது என்று அதே கட்டளைச்சட்டம் சொல்கிறது. அவன் பெயரில் இன்னும் வழக்கிடலாம் என்றார் சட்டத்தரணி. இதை வாசிக்கும் அம்மாமாரே, இந்தக் கடைசி விஷயத்தை யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தார்களா? எனக்குச் சொல்லவில்லை. காலம் போய்விட்டது என்று வீட்டில் இருந்துவிட்ட குடும்பங்கள் எத்தனையோ.

வழக்குப் போட்டால் வெற்றி நிச்சயம் என்றும் இல்லை. மூளையில் கட்டி வந்து இறந்த ஒரு சிறுமியின் பெற்றோர் கொழும்பில் போட்ட வழக்கு இந்த நாட்டில் மிகவும் பேசப்பட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கத் தீர்த்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்ற தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். கொழும்பில், வசதியுள்ள குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், பதிவின் ஒரு பக்கத்தைக்கூடக் கண்ணால் காணாத நாங்கள் எந்தத் தொடர்பை எப்படி நிரூபிப்பது? பதிவு உங்களிடம். சாட்சி சொல்லக்கூடிய வைத்தியர்கள் உங்களோடு வேலை செய்பவர்கள். காலத்தின் கணக்கும் உங்கள் கையில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் இந்த நாட்டில் அது கட்டாயம் அறிவிக்கப்படும், ஒவ்வொரு மரணமும் ஆராயப்படும். குடும்ப சுகாதாரப் பணியகம் அதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறது. தாய் மரணம் இந்த நாட்டில் குறைந்ததற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தாயும் இறக்காமல், பிள்ளையும் இறக்காமல், பிள்ளை வாழ்நாள் முழுக்க மாறாத காயத்தோடு வீட்டுக்கு வந்தால், அதே அக்கறையோடு யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை. இருவரும் உயிரோடு துண்டு வெட்டிப் போன நல்ல பிரசவமாகத்தான் நாங்கள் கணக்கில் இருப்போம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வைத்தியர்களை மதிக்கத் தெரியாத சனம் இல்லை. இறுதி யுத்தம் நடந்த 2009இல் எனக்குப் பதினேழு வயது. மார்ச் மாதம், மாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய வைத்தியசாலையில் என் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. மருந்து இல்லை, கட்டில் இல்லை, கடற்கரைப் பக்கம் செல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மருத்துவமாது சித்தியின் பக்கத்தில் தரப்பாளில் முழங்காலில் இருந்து, ஒரு பக்கம் கை உதற உதற, வயிற்றில் காது வைக்கும் குழலை வைத்து வைத்துக் கேட்டார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினாறு வயது. அந்த நாட்களில் வன்னியில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் எங்களுக்கு யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, ஆள் இல்லை, வசதி இல்லை என்ற பதிலை என்னிடம் சொல்ல வேண்டாம். ஆள் குறைவு என்பது உண்மை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பதும் தெரியும். ஏழு பேரை இரண்டு பேரிடம் விட்டது அந்த மிஸ்மாரின் குற்றம் அல்ல, அவர்கள்மீது எனக்கு வன்மம் இல்லை. ஆனால் ஏழு பேருக்கு இரண்டு பேர் என்பதே ஒரு குறைபாடுதானே? அதையாவது உங்கள் அறிக்கை எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

நாங்கள் அந்த மணலில் கிடந்த அதே 2009ஆம் ஆண்டு ஜனவரியில், ஜப்பானில் ஒரு திட்டம் தொடங்கியது. பிரசவத்தோடு தொடர்புபட்ட கடுமையான பெருமூளை வாதம் என்றால், யாருடைய பிழை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கத் தேவையில்லாமல் குடும்பத்துக்கு மொத்தம் 3 கோடி யென் கொடுக்கிறார்கள். ஒரு பகுதி முதலில், மிச்சம் 20 வருடத்துக்குப் பிரித்து. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. என்ன நடந்தது என்று நிபுணர்கள் ஆராய்ந்து, அந்த அறிக்கையைக் குடும்பத்துக்கும் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில், மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்குப் பிரசவத்தில் கடும் மூளைக்காயம் ஏற்பட்டிருக்கலாம் என்றால், குடும்பம் வழக்குப் போடும்வரை காத்திராமல் வைத்தியசாலையே அறிவிக்கும் ஏற்பாடு 2017 ஏப்ரலில் வந்தது. அவை பணக்கார நாடுகள், தெரியும். பணத்தை நாங்கள் பிறகு கதைப்போம். உண்மையைச் சொல்வதற்கு என்ன செலவு?

நான் கேட்பவை இவை.

என் மகனின் பிறப்புப் பற்றிய விசாரணை அறிக்கையை, என்னுடைய விடுதிப் பதிவின் முழுப் பிரதியை, பிரசவ முன்னேற்றம் குறிக்கும் வரைபடத்தை, அம்புலன்ஸ் கேட்ட நேரமும் புறப்பட்ட நேரமும் எழுதிய பதிவை எனக்குத் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முறைப்படி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். மருத்துவப் பதிவை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தடை இருக்கிறது, ஆனால் உரியவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. உரியவள் நான், சம்மதக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். ஒரு மூலைக் கதிரைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்கு அலைய வைக்காதீர்கள்.

துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 3.40க்குப் பிறகு எனக்கு அந்தத் தாளில் ஒரு துண்டு எடுத்தார்கள். அது கடை பில் அடிக்கிற தாள்மாதிரி, சூட்டில் எழுத்து மங்கிப்போகும். எங்கள் வெயிலில் கோப்பறை அலுமாரிக்குள் கிடந்தால் இன்னும் கொஞ்சக் காலத்தில் வெறும் தாள்தான் மிஞ்சும். இன்றைக்கே அதைப் படம் பிடித்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். என்னுடையது மட்டுமல்ல, பிறக்கும்போது பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையுடையதும்.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வந்தால், குளிரூட்டும் சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தால், கை அசைவு இல்லாமல் போனால், யாரும் முறைப்பாடு கொடுக்காமலே விசாரணை தொடங்கட்டும். அதில் அந்த வைத்தியசாலையைச் சேராத ஒருவராவது இருக்கட்டும். தாயின் வாக்குமூலத்தை எடுக்காமல் எந்த விசாரணையும் முடியக்கூடாது. மூன்று மாதத்துக்குள் முடிவைத் தாய் தகப்பனை இருத்தி வைத்துத் தமிழில் விளங்கப்படுத்துங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

துண்டு வெட்டும்போது, அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு பக்கத் தாள் தமிழில் கொடுங்கள். பதிவின் பிரதியை எப்படிக் கேட்பது, இலங்கை மருத்துவ சபைக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எப்படி முறையிடுவது, காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், சிவில் வழக்குக்கு இரண்டு வருடம்தான், பிள்ளையின் உரிமை வேறு. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். உள்விசாரணை நடந்தாலும் அந்த இரண்டு வருடம் நிற்காது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இரவிலும் விடுமுறையிலும் பிரசவ விடுதிக்கு ஆள் போதாது என்றால், அன்று அன்றே அதை எழுத்தில் மேலே அறிவிக்கும் ஒழுங்கு வேண்டும். அம்புலன்ஸ் புறப்படும் நேரத்துக்கு ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பு நிற்க வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களே, விசாரணை அறிக்கை குடும்பத்தின் கைக்கு வரும் நாளிலிருந்து இரண்டு வருடம் எண்ணப்படும்படி சட்டத்தைத் திருத்தக் கேளுங்கள். பிழையை நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு நட்டஈட்டு நிதியைப் பற்றிச் சபையில் ஒரு தடவையாவது கதையுங்கள். வாக்குக் கேட்டு வரும்போது எங்கள் ஒழுங்கைக்குள் வந்த நீங்கள், ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நீள வாங்கில் எங்களோடு வந்து ஒரு மணித்தியாலம் இருங்கள்.

சட்டத்தரணிகளே, மாதத்தில் ஒரு நாள், உடற்பயிற்சிச் சிகிச்சை நடக்கும் அதே நாளில், அதே இடத்துக்கு வந்து எங்கள் கடதாசிகளைப் பாருங்கள். கட்டணம் கேட்காமல் பாருங்கள். இரண்டு வருடம் முடியாத பிள்ளைகள் அந்த வாங்கில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு ஒன்றரை வயது. ஆறு மாதம் இருக்கிறது.

எனக்கான பதிலை எழுத்தில் தாருங்கள், தமிழில் தாருங்கள். 1.10இலிருந்து 3.40 வரை என் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தம்பியின் அம்மா
முல்லைத்தீவு மாவட்டம்